ஒரே போன், வீட்டில் நாலு பேர்: பிள்ளைகளின் ஆப், நெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டியில் ரீசார்ஜும் ஜெராக்ஸுமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2020இல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடமெல்லாம் போனுக்குள் வந்ததிலிருந்து கடைக்கு வருகிற அம்மாக்களும் அப்பாக்களும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்து வருஷங்கள் ஆகியும் கேள்விகள் நிற்கவில்லை. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்ததை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

பிள்ளைக்கென்று தனி போன் இருக்கிற வீட்டை நினைத்து நான் எழுதவில்லை. ஒரே போன், ஒரே சிம். பகலில் அப்பாவோடு வேலைக்குப் போகும், சாயங்காலம் பிள்ளைகள் கைக்கு வரும், ராத்திரி அம்மா ஊருக்குப் பேசுவார். அந்த வீடுகளுக்குத்தான் இது. பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் மேலே இருக்கிற தேடும் கட்டத்தில் நான் சொல்கிற பெயரை அடித்தால் வந்துவிடும்.

காலையில முழுசா இருந்த நெட்டு மத்தியானமே தீந்துபோச்சு. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா அக்கா?

பத்தில் ஒன்பது தடவை இல்லை. நீங்கள் போடுவது தினசரி டேட்டா பேக். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி. ராத்திரி 12 மணிக்குப் புதுக்கணக்கு தொடங்கும். அன்றைய அளவு முடிந்தால் நெட் அறவே நிற்காது, வேகம்தான் விழும். பல பேக்குகளில் 64 கேபிபிஎஸ் வரை இறங்கிவிடும். அந்த வேகத்தில் 4 எம்பி போட்டோ ஒன்று வரவே எட்டு நிமிஷம் ஆகும். அதனால்தான் மெசேஜ் போகிறது, வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. 5ஜி அன்லிமிடெட் பேக் இருந்தாலும், சிக்னல் 4ஜிக்கு மாறிய நேரத்தில் ஓடுவது இந்தத் தினசரிக் கணக்கில்தான் கழியும்.

பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுக்கத் தீர்ந்ததும் கம்பெனி உங்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று டிராய் (போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) விதியே இருக்கிறது. அந்த மெசேஜ் வரும்போது போன் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். அனேகமாக அதைத் தள்ளிவிட்டு வீடியோவைத் தொடர்ந்திருப்பார்கள். மெசேஜ் பெட்டிக்குள் போனால் எத்தனை மணிக்கு வந்தது என்று இருக்கும். சண்டை போடுவதற்கு முன்னால் அந்த மணியைப் பாருங்கள்.

எந்த ஆப் எவ்வளவு தின்னுச்சுன்னு எங்க பாக்குறது?

செட்டிங்ஸில் நெட்வொர்க் அல்லது சிம் பகுதிக்குள் 'டேட்டா யூசேஜ்' என்று இருக்கும். அதைத் தொட்டால் ஆப்புகள் வரிசையாக வரும், அதிகம் தின்றது மேலே. ஒவ்வொன்றையும் தொட்டால் இரண்டு கணக்கு காட்டும்: திரையில் திறந்து வைத்தபோது போனது ஒன்று, நாம் பார்க்காதபோது பின்னால் போனது இன்னொன்று. இந்த இரண்டாவது எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

இதைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். "யூடியூப் 900 எம்பி" என்று தன் வாயால் சொல்லும்போது அவனுக்கே முகம் மாறும். நான் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாம் கத்திச் சொல்லும்போது ஏறாத கணக்கு, அவர்களே வாசிக்கும்போது ஏறுகிறது. ரேஷன் அரிசி மாதிரி இதுவும் வீட்டுக்கு அளந்து வருகிற பொருள்தான், நாலு பேருக்கும் சேர்த்து வருவது. அது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தா எவ்வளவுதான் போகும்?

வீடியோவின் தெளிவைப் பொறுத்தது. தோராயமாகச் சொல்கிறேன்: 360 என்று போட்டிருக்கும் தெளிவில் மணிக்கு 300 எம்பி அளவில் போகும். 720க்கு ஏற்றினால் ஒரு ஜிபியையும் தாண்டலாம். அதே 1.5 ஜிபி, ஒரு வகையில் நாலைந்து மணி நேரம் வரும், இன்னொரு வகையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். ஆறு அங்குலத் திரையில் கார்ட்டூன் பார்க்க 360 போதும்.

யூடியூப் செட்டிங்ஸில் மொபைல் நெட்டில் பார்க்கும்போது என்ன தெளிவு என்று கேட்கும் இடத்தில் 'டேட்டா சேவர்' என்று வையுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் 'ஆட்டோ ப்ளே'யையும் நிறுத்துங்கள். பிள்ளை தூங்கிவிட்ட பிறகும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். ஷார்ட்ஸ், ரீல்ஸ் விஷயம் வேறு. விரலைத் தள்ளத் தள்ள வரும், நீங்கள் பார்க்காத அடுத்ததையும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். முழு வீடியோ பார்க்கிற பிள்ளையைவிட ரீல்ஸ் தள்ளுகிற பிள்ளைக்குத்தான் சீக்கிரம் தீர்கிறது.

பையன் ஒண்ணுமே பார்க்கலன்னு சத்தியம் பண்றான். ஆனா டேட்டா போயிருக்கு. பொய்தானே?

பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். போன வருஷம் ஓர் அம்மா பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அடி வாங்கிய முகம். பட்டியலைத் திறந்து பார்த்தால் மேலே நின்றது கூகுள் போட்டோஸ். அவன் அப்பா சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த வீடியோக்களெல்லாம் மொபைல் நெட்டிலேயே கூகுள் கணக்குக்கு பேக்கப்பாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த அம்மா அங்கேயே அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அவன் அப்பாவும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

இப்படித் திருட்டுத்தனமாகத் தின்பவை நாலைந்துதான். கூகுள் போட்டோஸில் பேக்கப் மொபைல் டேட்டாவில் போகாதபடி நிறுத்துங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஆப் அப்டேட் 'வைஃபையில் மட்டும்' என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குள் போய் படம், ஆடியோ, வீடியோ, ஃபைல் நான்கும் மொபைல் நெட்டில் தானாக இறங்காதபடி டிக்கை எடுங்கள். குடும்ப குரூப்பில் வரும் குட்மார்னிங் படங்களே ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

கேம் பற்றி ஒரு வார்த்தை. ஆடும்போது போவது கொஞ்சம்தான், மணிக்குச் சில பத்து எம்பிகள். ஆனால் பெரிய கேம்கள் அப்டேட் என்று இறக்கும்போது ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான எம்பி போகும். சின்ன இலவச கேம்களில் ஆட்டத்தைவிட நடுவில் வரும் விளம்பர வீடியோதான் அதிகம் தின்னும். கேரம், செஸ் மாதிரி நெட் இல்லாமல் ஓடும் ஆட்டம் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுங்கள். விளம்பரமும் வராது, போன் கால் மட்டும் வரும்.

ஒரு அளவுக்கு மேல போகாம தானா நிக்கற மாதிரி வைக்க முடியுமா?

முடியும். மேலே சொன்ன டேட்டா யூசேஜ் பக்கத்திலேயே 'டேட்டா லிமிட்' இருக்கும். அந்த அளவைத் தொட்டதும் நெட் அணைந்துவிடும். பல போன்களில் இது மாதக் கணக்கு மட்டும்தான். சில கம்பெனி போன்களில் தினசரி அளவும் வைக்கலாம், உங்கள் பேக்குக்கு அதுதான் பொருந்தும். 1.5 ஜிபி பேக் என்றால் 1 ஜிபியில் நிறுத்துங்கள். மீதி அரை ஜிபி ராத்திரி அவசரத்துக்கும் பணம் அனுப்புவதற்கும் இருக்கட்டும்.

ஆனால் பிள்ளை அந்தப் பக்கத்துக்குள் போனால் திரும்ப ஆன் செய்துவிடலாம். இது பூட்டு கிடையாது. முதுகில் தட்டி நினைவுபடுத்துவது மாதிரி, அவ்வளவுதான்.

கிளாஸ் குரூப் வாட்ஸ்அப் மட்டும் வேலை செஞ்சா போதும். மத்ததுக்கு நெட் கட் பண்ணலாமா?

சில போன்களில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக மொபைல் டேட்டா வேண்டும், வேண்டாம் என்று குறிக்கலாம். டேட்டா யூசேஜ் பக்கத்தில் அந்த ஆப்பைத் தொட்டுப் பாருங்கள். அது இல்லாத போனில் 'டேட்டா சேவர்' ஆன் செய்து வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். டேட்டா சேவர் பின்னால் போவதைத்தான் நிறுத்தும், திறந்து பார்க்கிற ஆப்பை நிறுத்தாது.

அவங்க அப்பா போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு டேப்லட்டுல பாக்குறாங்க. ரெண்டு மணி நேரத்துல எல்லாம் காலி. போன்ல பார்த்தா அப்படி ஆகலையே, ஏன்?

கடையில் நான் அதிக நேரம் விளக்குகிற கேள்வி இதுதான். ஹாட்ஸ்பாட் போட்டால் அந்த டேப்லட்டுக்குத் தெரிவது 'வைஃபை கிடைத்தது' என்பது மட்டும். அது சிம் டேட்டா என்று பல நேரம் அதற்குத் தெரியாது. 'வைஃபையில் மட்டும்' என்று நாம் பார்த்துப் பார்த்து வைத்த எல்லாமே அந்த நிமிஷத்தில் கிளம்பிவிடும். ப்ளே ஸ்டோர் இருபது ஆப்பை அப்டேட் செய்யும், போட்டோஸ் மேலே ஏறும், யூடியூப் நல்ல தெளிவுக்கு மாறும். பிள்ளை ஒரு கார்ட்டூன்தான் பார்த்திருக்கும். பின்னால் ஒரு ஜிபி போயிருக்கும். டிவியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் இன்னும் மோசம், பெரிய திரைக்கு ஏற்ற தெளிவை அதுவே எடுத்துக்கொள்ளும்.

தீர்வு சுலபம். இணைக்கிற கருவியில், அதாவது டேப்லட்டில், வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் 'நெட்வொர்க் யூசேஜ்' என்று இருக்கும். அதை 'மீட்டர்டு' என்று மாற்றுங்கள். அளந்து செலவழிக்க வேண்டிய நெட் இது என்று அதற்குச் சொல்லிவிட்டோம். பெரிய டவுன்லோடுகள் நின்றுவிடும். யூடியூபில் மட்டும் வைஃபைக்கான தெளிவைத் தனியாகக் குறைக்க வேண்டும். சிம் இல்லாத பழைய போனைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் வீடுகளுக்கும் இதேதான்.

இன்னொன்று. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு ஒரு தடவை கொடுத்தால் அந்தக் கருவியிலேயே தங்கிவிடும். அடுத்த நாள் நீங்கள் வேறெதற்கோ ஆன் செய்தாலும் தானாக ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

எத்தனை தடவை லாக் மாத்தினாலும் கண்டுபிடிச்சிடுறான் அக்கா. எப்படித்தான் தெரியுதோ?

பேட்டர்ன் என்றால் கண்ணாடியில் விரல் தடம் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே போதும். பின் நம்பர் என்றால் வண்டி நம்பர், பிறந்த வருஷம், கல்யாண நாள், இந்த மூன்றுக்குள்தான் பெரியவர்கள் சுற்றி வருகிறோம். ஆறு இலக்கத்தில், வீட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எண்ணாக வையுங்கள். பிள்ளை தோளருகே இருக்கும்போது அடிக்காதீர்கள்.

கைரேகை விஷயம் என் வீட்டிலேயே நடந்தது. மத்தியானம் அசந்து தூங்குகிற அப்பாவின் கட்டைவிரலைப் போனில் வைத்துத் திறந்தான் என் மகன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அப்புறம் தன் விரலையும் அதிலேயே பதிந்து வைத்துக்கொண்டான் என்பது மாதக் கணக்கில் கழித்துத்தான் தெரிந்தது. பதியும் இடத்தில் பின் கேட்கும், அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கே செட்டிங்ஸில் எத்தனை விரல் பதிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்களுடையது இல்லாததை அழியுங்கள். படுக்கப் போகும்போது பவர் பட்டனை அழுத்தினால் வருகிற 'லாக்டவுன்' போட்டால், அடுத்த தடவை பின் அடித்தால்தான் திறக்கும்.

சின்னக் குழந்தை. ஒரு ஆப்புக்குள்ளயே பூட்டிக் குடுக்க முடியுமாமே?

ஆமாம், ஆண்ட்ராய்டில் 2014இலிருந்தே இருக்கிறது. செக்யூரிட்டி பகுதிக்குள் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்க்ரீன் பின்னிங்' என்று பெயர். வெளியே வரப் பின் கேட்க வேண்டும் என்பதையும் ஆன் செய்யுங்கள், அது இல்லாமல் பயனில்லை. குழந்தை பாட்டு கேட்கிற ஆப்பைத் திறந்து, அதைக் குத்தி வைத்துக் கொடுத்தால் வாட்ஸ்அப்புக்கோ போட்டோவுக்கோ போக முடியாது. உங்கள் மேலதிகாரிக்கு ஸ்டிக்கர் போவதும் நிற்கும். ஐபோனில் இதற்கு 'கைடட் ஆக்சஸ்' என்று பெயர்.

பெரிய பையனுக்கு போனுக்குள்ளயே தனி இடம் குடுக்கலாமா?

குடுக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'மல்டிபிள் யூசர்ஸ்' இருக்கிறது. அது இல்லாத போன்களில் 'செகண்ட் ஸ்பேஸ்', 'கிட்ஸ் ஸ்பேஸ்', 'கிட்ஸ் மோட்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஏதாவது இருக்கும். அவன் பக்கத்தில் அவன் ஆப் மட்டும். உங்கள் பேங்க் ஆப், உங்கள் படங்கள் கண்ணில் படாது. ஒரே போனை நாலு பேர் வைத்திருக்கும் வீட்டுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்.

இடம் தனியே தவிர சிம் ஒன்றுதான். டேட்டா அதே 1.5 ஜிபியிலிருந்துதான் போகும். போனில் இடமும் கூடுதலாகப் பிடிக்கும், 32 ஜிபி போனில் மூச்சுத் திணறும்.

ஃபேமிலி லிங்க் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்ல கருவி. எவ்வளவு நேரம், எந்த ஆப், எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று நம் போனிலிருந்தே சொல்லலாம். ஆனால் அது பிள்ளை கணக்கு மட்டும் இருக்கிற தனிக் கருவிக்காகச் செய்தது. உங்கள் கணக்கும் அதே போனில் இருந்தால் ஓட்டை விழும், பிள்ளை உங்கள் கணக்கு வழியாக நுழைந்துவிடும். சிம் இல்லாத பழைய போன் ஒன்று வீட்டில் கிடக்கிறதென்றால், அதை முழுக்கத் துடைத்துவிட்டுப் பிள்ளை கணக்கோடு ஃபேமிலி லிங்க் போடுங்கள், அங்கே ஜோராக வேலை செய்யும். ஒரே போன் வீட்டுக்கு முந்தின பதிலில் சொன்ன தனி இடமே போதும்.

யூடியூபுக்கு அரை மணி நேரம்னு டைமர் வச்சேன். அவளே எடுத்துட்டா.

'டிஜிட்டல் வெல்பீயிங்' டைமருக்குப் பாஸ்வேர்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது தனக்குத்தானே வைத்துக்கொள்கிற கட்டுப்பாடு. ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' இருக்கிறது, அதற்குத் தனிப் பாஸ்கோட் உண்டு. அதைப் போனைத் திறக்கும் எண்ணிலிருந்து வேறாக வையுங்கள்.

ஜிபே இருக்கிற போனைக் குடுக்க பயமா இருக்கு. காசு போயிடுமா?

பயம் நியாயமானதுதான். யூபிஐயில் பணம் போக வேண்டுமானால் பின் வேண்டும், அது வரைக்கும் பாதுகாப்பு. ஆனால் மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். யூபிஐ லைட்டில் சின்னத் தொகைகளுக்குப் பின் கேட்காது, பிள்ளை கையில் போகும் போனில் அதை நிறுத்திவிடுங்கள். இப்போது பின்னுக்குப் பதில் கைரேகை வைத்தே அனுப்பும் வசதியும் வந்திருக்கிறது, விரல் பதிவு பற்றி நான் அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். மூன்றாவது ப்ளே ஸ்டோர். ஒரு தடவை கேமுக்குள் ஏதோ வாங்க உங்கள் கார்டோ யூபிஐயோ சேர்த்திருந்தால் அது அங்கேயே இருக்கும். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்து, சேமித்த கார்டையும் அழியுங்கள். யூபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, நீங்கள் அறியாமல் மாதாமாதம் எடுக்கும் அனுமதி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போய்விட்டால்? கேமுக்குள் பிள்ளை வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் ப்ளேயில் ரீஃபண்ட் கேளுங்கள், சீக்கிரம் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். வேறு யாரோ ஏமாற்றி எடுத்தது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பிள்ளை சொல்லப் பயந்து ஒரு நாள் மறைத்ததால் பணம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். "சொன்னா அடிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டே தடுத்துவிட்டது. உங்கள் போனில் அப்படி ஏதாவது இருந்தால், பெரியவர்கள் ஏற்றியதாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

கேம்ல பெத்தவங்க அனுமதி கேக்கும்னு சொன்னாங்க. எனக்கு எதுவுமே வரலியே?

பிஜிஎம்ஐ மாதிரி கேம்களில் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் நம்பருக்கு ஓடிபி வரும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் ஆட விடும். ஒரே போன் வீட்டில் அந்த ஓடிபி வருவது எந்தப் போனுக்கு? அவன் கையில் இருக்கிற அதே போனுக்கு. அவனே பார்த்து, அவனே அடித்து, அவனே அழித்திருப்பான். இல்லாவிட்டால் வயதையே 20 என்று போட்டிருப்பான். கூட உட்கார்ந்து அந்தக் கணக்கில் என்ன வயது இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

ஃப்ரெண்டு அனுப்புன ஃபைல்ல ஏதோ கேம் ஏத்திட்டான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் இது, தொட்டால் நேராக ஆப்பை ஏற்றிவிடும். ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கி கேமை 2022 பிப்ரவரியில் தடை செய்தபோது இந்தப் பழக்கம் எங்கள் ஊரில் பெருகியது. 'எல்லா துப்பாக்கியும் இலவசம்' என்று சொல்லி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பி மெசேஜில் வரும் ஓடிபியைத் திருடுவதும் இதே வழிதான். பிள்ளையின் விளையாட்டும் உங்கள் பேங்க் மெசேஜும் ஒரே போனில் இருப்பதால் ஆபத்து இரட்டிப்பு.

உடனே நெட்டை அணைத்து, ஆப்பை எடுத்துவிடுங்கள். எடுக்க விடாமல் முரண்டு பிடித்தால் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதுவரை நெட்டைப் போடாதீர்கள். அப்புறம் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' திறந்து வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எதற்கும் அனுமதி இல்லாதபடி மாற்றுங்கள்.

பொம்பளப் பிள்ளைக்கு போனே குடுக்கிறதில்ல. பாடத்துக்கு வேணும்ங்கிறா. குடுக்கலாமா?

குடுங்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அண்ணன்காரன் கேம் ஆடி முடித்த பிறகு, டேட்டா தீர்ந்த போன்தான் தங்கை கைக்கு வருகிறது. கடைக்கு வரும் பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். முதல் பங்கு பாடத்துக்கு. யார் பாடம் என்றாலும் சரி, அதற்குப் பிறகுதான் விளையாட்டு.

பாடத்துக்கு அவ்வளவு டேட்டாவும் வேண்டாம். நம் பாடநூலில் இருக்கிற க்யூஆர் கோடை மத்திய அரசின் தீக்ஷா ஆப்பில் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும், இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் பார்க்கலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி ஆப்பும் இருக்கிறது, தமிழிலேயே விளக்கம் வரும். ராத்திரி 12 மணிக்குள் கணக்கு முடிந்து, மிஞ்சிய டேட்டா பெரும்பாலான பேக்குகளில் வீணாகத்தான் போகும். படுக்கப் போகும் முன் மறுநாள் பாடத்தை இறக்கி வைத்தால் அது உபயோகமாகும்.

ரெண்டு பிள்ளைங்க. தினமும் போனுக்காக அடிதடி. எப்படிப் பிரிக்கிறது?

நேரத்தை மட்டும் பிரித்தால் நியாயம் வராது. ஒருத்தன் அரை மணி நேரத்தில் ஒரு ஜிபி தீர்த்துவிடுவான், அடுத்தவளுக்கு அரை மணி நேரமும் சுற்றுகிற வட்டம்தான் மிஞ்சும். அதனால் டேட்டாவையும் பிரியுங்கள். கொடுக்கும்போது டேட்டா யூசேஜ் எண்ணைப் பார்த்து நாள்காட்டித் தாளில் எழுதுங்கள், திருப்பி வாங்கும்போது மறுபடி எழுதுங்கள். ஆட்டோ மீட்டர் மாதிரி. கழித்துப் பார்க்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், ஒருவருக்கொருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வார்கள்.

எந்த வயசுக்கு எவ்வளவு நேரம் சரி?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், வெளியூர்ச் சொந்தங்களோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். சோறு ஊட்டும்போது போன் காட்டுவதை நிறுத்தினாலே பாதி குறையும்.

என் போன்தானே, பொண்ணோட வாட்ஸ்அப் மெசேஜ நான் படிச்சா என்ன தப்பு?

பத்து வயதுப் பிள்ளை என்றால் படிப்பேன் என்று சொல்லிவிட்டே படியுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது சரிவராது. ஒளிந்து படித்தது தெரிந்த நாளிலிருந்து அவள் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள். நாளைக்கு யாராவது மிரட்டினாலும் சொல்ல மாட்டாள், அதைத்தான் நான் பயப்படுகிறேன். யாரோடு பேசுகிறாள் என்று கேளுங்கள், தெரியாத நம்பர் வந்தால் காட்டச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்குகிற ஒன்று என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பிள்ளைகளே கூப்பிடலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரே போன் என்றால் நம் மெசேஜையும் பிள்ளைகள் படிக்கிறார்கள். கடன் கேட்டது, மாமியாரைப் பற்றிப் பேசியது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாம். வாட்ஸ்அப்பில் 'சாட் லாக்' இருக்கிறது, பிள்ளைகள் பார்க்க வேண்டாதவற்றை அதில் வையுங்கள்.

பேசாம தனி போன், தனி சிம் வாங்கிக் குடுத்துடலாமா?

பத்தாம் வகுப்புக்கு மேல், தினமும் வெளியூர் போய்ப் படிக்கிற பிள்ளை என்றால் தேவை இருக்கலாம். 18 வயதுக்குள் சிம் அவர்கள் பெயரில் கிடைக்காது, உங்கள் பெயரில்தான் எடுக்க வேண்டும். அந்த நம்பரில் என்ன நடந்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களை. வாங்கினால் தினசரி டேட்டா பேக் போடாதீர்கள். காலுக்கு அளவில்லாமல், 28 நாளைக்கு மொத்தமாக ஒன்றிரண்டு ஜிபி மட்டும் வருகிற பேக் கேளுங்கள். நாங்களாக எடுத்துச் சொல்ல மறந்தாலும் கடையில் அது இருக்கும். மாதத்துக்கு அவ்வளவுதான் என்று தெரிந்த பிள்ளை ரீல்ஸ் தள்ளுவதற்கு முன் யோசிக்கிறது. என் மகனுக்கு இப்போது அந்தப் பேக்தான் போட்டிருக்கிறேன். போன மாதம் 20ஆம் தேதி வரை வந்தது, இந்த மாதம் 26 வரை இழுத்துவிட்டான்.